கரண்டியில் எரிந்த நீலம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு ரத்தக் குழாய் ஆய்வகத்துக்கு வந்தது. சீட்டில் டெல்ஃபின் என்ற பெயர். வயது நாற்பத்தெட்டு. பிலிப்பைன்ஸ். கிரேன் ஓட்டுநர். வாந்தி, வயிற்று வலி, கெட்டுப்போன மீன்.

சவூதியின் இந்த ஜுபைலில் எனக்குத் தெரிந்த டெல்ஃபின் ஒருவர்தான். எங்கள் இலோய்லோ ஊர்ச் சங்கத்தில் கிதார் வாசிப்பவர். நான் முதன்முதலாக வீட்டுக்கு அனுப்பிய பெட்டி மூடவில்லை என்றபோது, அதன் மேல் ஏறி உட்கார்ந்து டேப் ஒட்டியவர். குயா என்று கூப்பிடுவேன். எங்கள் மொழியில் அண்ணனுக்கு அதுதான் சொல்.

இயந்திரம் எண்களைக் காட்டியது. பைகார்பனேட் எட்டு. இருபத்துநான்கு இருக்க வேண்டும். மறுபடி ஓட்டினேன். எட்டுதான். ரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது. மீன் இதைச் செய்யாது.

இங்கே வந்த மூன்று ஆண்டுகளில் இப்படி ஒரு எண்ணை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருவர் பார்வை போய், ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினார். இன்னொருவரின் உடலைச் சரக்கோடு அனுப்பினார்கள். இருவருமே கடைசி வரை குடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். திருட்டுச் சாராயத்தில் சில சமயம் மெத்தனால் கலந்துவிடுகிறது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. மறுநாள் அது உடம்புக்குள் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும்.

அதை உறுதிசெய்யும் பரிசோதனை எங்களிடம் இல்லை. தம்மாம் நகரத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வர ஞாயிறாகும்.

நான் முடிவுகளைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவள். தொலைபேசியில் பேசவே தயங்குவேன். அன்று படியிறங்கி அவசரப் பிரிவுக்குப் போனேன்.

டாக்டர் பக்ரி சூடான்காரர். அவருக்கும் அதே சந்தேகம். நான்கு முறை கேட்டுவிட்டாராம், மீன் என்றே பதில். விஷமுறிவு மருந்து மருந்தகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது. நோயாளி குடித்ததை ஒப்புக்கொண்டார் என்று எழுதி, கேட்டவர் இருவர் கையெழுத்திட்டால்தான் பூட்டைத் திறப்பார்கள். வெறும் சந்தேகத்துக்குத் திறக்க மாட்டார்கள். எழுதினால் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும்.

"உங்க ஊர்க்காரர்தானே, நீ கேளும்மா," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இல்ல."

அது என் வேலையில்லை என்று சொல்ல நினைத்தேன். டெல்ஃபின் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கட்டிலோரம் போய் நின்றேன். என்னை நேராகப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

அதற்குப் பிறகு நான் தயங்கவில்லை.

"லிகாயா, குயா."

"வெள்ளக் கோட்டு மட்டும் தெரியுது. டிவியில சிக்னல் போனா புள்ளி புள்ளியா வருமே, அப்படி இருக்கு." சிரிக்கப் பார்த்தார். "மீனு சேரல."

ஏன் மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் குடித்தேன் என்று சொன்னால் சிறை, பிறகு ஊருக்கு விமானம். மகள் ஷைராவுக்கு நர்சிங் கடைசி ஆண்டு. குடித்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். இங்கே அந்த "இல்லை" எல்லோருக்கும் பழகிய சொல். வேறு எப்படிக் கேட்பது என்று யோசித்தேன்.

தொழிலாளர் முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டில் வந்தால் ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். நீலமாக எரிந்தால் குடிக்கலாம், சிவப்பாக எரிந்தால் கொட்டிவிட வேண்டும். எஞ்சினியர்கள்கூட இதைப் பெரிய அறிவியல் போலச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குனிந்து எங்கள் மொழியில் கேட்டேன். "என்ன நிறத்துல எரிஞ்சுது?"

"நீலம்தான். பாக்காமக் குடிக்க நான் என்ன புதுசா வந்தவனா..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மெத்தனாலும் நீலமாத்தான் எரியும் குயா. ரெண்டும் கலந்திருந்தா சுடரப் பாத்துச் சொல்லவே முடியாது. காலேஜ்ல நானே கொளுத்திப் பாத்திருக்கேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு, "சொன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க," என்றார்.

"ஆமா."

"ஷைரா படிப்பு?"

"அதுக்கு ஏதாவது வழி தேடலாம். கண்ணு போனா வராது. அவ பட்டம் வாங்குறத நீங்க பாக்க வேணாமா?"

"நீ இவ்வளவு பேசுவியா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "எழுதச் சொல்லு. நேத்து காலையில குடிச்சேன். தனியாத்தான். மிச்சத்த ரூம்காரங்க சிங்க்ல ஊத்திட்டாங்க."

நான் மொழிபெயர்த்துச் சொல்ல, டாக்டர் எழுதினார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மருந்தகத்தில் ஹனான் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, கீழே இகாமா எண்ணும், அதாவது குடியிருப்பு அட்டையின் எண்ணும் வேண்டும் என்றாள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், வேண்டுமானால் வேறு யாரையாவது அழைத்து வா என்றாள். டெல்ஃபின் சொன்னதை டாக்டரையும் என்னையும் தவிர வேறு யாரும் காதால் கேட்கவில்லை. பத்து இலக்கங்களையும் எழுதினேன். ஏழாவது இலக்கம் கோணலாக விழுந்ததால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவள் சாவியை எடுத்தாள்.

சொட்டு இறங்கத் தொடங்கியதும் இது என்ன என்று டெல்ஃபின் கேட்டார்.

"சாராயம்தான். சுத்தமானது. இது உள்ள இருக்கிறவரைக்கும் உடம்பு அந்த விஷத்தத் தொடாது. அதுக்குள்ள டயாலிசிஸ்ல கழுவி எடுத்துடுவாங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் கவர்மெண்டு கையெழுத்தோட குடிக்கிறேன்."

நண்பகலில் ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். அவருடைய ரத்தம் வர வர ஓட்டினேன். எட்டு. பதினொன்று. பதினாறு. நடுவே எங்கள் சங்கத்தின் செய்திக் குழுவில், மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக எழுதினேன். சுடரை நம்பாதீர்கள், நீலமாக எரிவதும் கண்ணைப் பறிக்கும், சந்தேகம் என்றால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று. கீழே என் பெயரையும் போட்டேன்.

மறுநாள் காலை போலீஸ்காரர் அங்கேயே இருந்தார். ஞாயிறன்று நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

டெல்ஃபின் தலையைத் திருப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"லிகா, இந்த போட்டோவுல ரொம்ப மோசமா இருக்க."

என்ன சொல்கிறார் என்று போலீஸ்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அவர் எழுந்து வந்து அட்டையைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.