நான்காம் வாசலில் பஸ்ரியன்

புதிய மைதானத்தின் முதல் ஆட்டத்தை வேரோனிக்கா கனடாவில், மல்வேர்ன் பகுதியில் இருக்கும் தன் வீட்டில் மடிக்கணினியில் பார்த்தாள். மைதானம் ரோமேனியாவின் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றினுடையது. விளையாடியவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய தம்பி றொனால்ட் மன்னாரிலிருந்து அங்கே கட்டட வேலைக்குப் போனவன். கிழக்குப் பார்வையாளர் மேடைக்குக் கூரை பூட்டும்போது விழுந்து, போன மார்ச்சில் இறந்துபோனான். அவன் நினைவாக நான்காம் வாசலில் பித்தளைத் தகடு பதிப்பதாகக் கழகம் எழுதியிருந்தது. இடைவேளையில் கமெரா தகட்டுக்குக் கிட்டப் போனது. அதில் ஒரே ஒரு சொல்: பஸ்ரியன்.

அது தகப்பனின் பெயர். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு 1994இல் கனடாவுக்கு வந்து, ஒரு கடிதமும் போடாத மனிதர். வேரோனிக்கா கலியாணமாகி இதே நகரத்துக்கு வந்து பதினைந்து வருடங்கள். ஒருநாளும் அவரோடு கதைத்ததில்லை.

அவள் கழகத்துக்கு எழுதினாள். செயலாளர் மரியாதையாகவே பதில் போட்டார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்றிருந்ததைப் பொறித்தார்களாம். வீரர்களின் சட்டையிலும் அதுதானே வருகிறது. மாற்றலாம். தாய் உயிரோடு இல்லாததால் தகப்பனின் கையெழுத்து வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ்ரியன் தகட்டின் படத்தைப் போனில் எல்லாருக்கும் காட்டித் திரிந்ததாக அவர் போகும் தேவாலயத்துக்கே போகிற றோசலின் அன்ரி சொன்னா. ஐரோப்பாவில் ஒரு ஸ்ரேடியத்தில் தன் பெயர் இருக்கிறதாம். நாலு பேர் கைகொடுத்தார்களாம்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வேரோனிக்கா தகப்பன் குடியிருக்கும் பார்க்டேலுக்குப் போனாள். கதவைத் திறந்தவரின் கழுத்தில் கழகத்தின் மஞ்சள் மஃப்ளர். இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

அவள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே கடிதத்தை நீட்டினாள்.

"றொனால்ட் எண்டு மட்டும் போடச் சொல்லி எழுதியிருக்கிறன். கையெழுத்து வையுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"ரெண்டு பேரையும் போடலாமே, பிள்ளை. என்ர பேரோடதானே அவன் உலகம் சுத்தினவன்."

"பாஸ்போட் ஃபோம் கேட்டது, எழுதினவன். நீங்கள் குடுத்தது அது ஒண்டுதான்."

"அப்ப நான் எங்க?"

"நீங்கள் இஞ்சதான். முப்பது வருஷமா இஞ்சதான் இருக்கிறியள். அவன் விழுந்தது அங்க."

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது. அதற்குப் பயந்தோ என்னவோ, அவர் கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"பழைய தகட்டைக் கழட்டினால் எனக்கு அனுப்பச் சொல்லு. அவங்களுக்கு அது என்னத்துக்கு?"

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஸ்ரீட்கார் தரிப்பிடத்தில் காத்து நின்றபடியே கடிதத்தைப் படமெடுத்துச் செயலாளருக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: பழைய தகட்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், உருக்கிவிடுங்கள்.