முந்நூறு மீட்டர் தாங்கும் வாட்ச்

பல் டாக்டருக்கு நீச்சல் தெரியாது. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவர்தான் கடலுக்கடியில் முந்நூறு மீட்டர் வரை தாங்குகிற டைவிங் வாட்ச் ஒன்றை வாங்கினார். விலை ஒரு கார். சின்ன கார்தான், ஆனாலும் ஸ்டெப்னியோடு சேர்த்து.

வீட்டில் சொன்ன விலை வேறு. "டூப்ளிகேட்தான், ஒரு ஜோடி செருப்பு விலை" என்று மனைவியிடம் ஒரு போடு போட்டார். அவளும் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை; பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன பொய்யெல்லாம் "சாம்பார் பரவாயில்லை" ரகத்துக்கு மேல் போனதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வெளியே சொல்ல முடியாத விஷயம். கிளினிக்கில் நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலிக்கு வயதாகிவிட்டது. பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போதே அது தானாகக் கீழே இறங்கும். டாக்டரும் கூடவே குனிந்துகொண்டே போவார். கடைவாய்ப் பல் என்றால் முடிக்கும்போது இரண்டு பேரும் ஏறக்குறைய தரையில் இருப்பார்கள். அவருடைய முதுகு போய்விடுமே என்று பயந்து, கிளினிக் வரவேற்பில் உட்காரும் மனைவி தன் வளையல் ஆசையைக்கூட ஒத்திப்போட்டுப் புது நாற்காலிக்குப் பணம் சேர்த்தாள். அதைத்தான் மனுஷன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அலைந்தார். "நாற்காலிக்கு முழுசா கட்டியாச்சு, கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு" என்று அவளிடம் சொல்லியிருந்தார். எந்த நாற்காலியும் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை.

குற்றவுணர்ச்சி இல்லாமல் இல்லை. ராத்திரி புரண்டு படுப்பார். ஆனால் வாட்சின் விளிம்பில் சுற்றுகிற வளையம் ஒன்று உண்டு. கடலுக்குள் இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கிறது என்று முக்குளிப்பவர்கள் அதைத் திருகி வைத்துப் பார்ப்பார்களாம். டாக்டர் அதைத் திருகி, ஈறு மரத்துப்போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். திருகும்போது வருகிற 'டிக் டிக்' சத்தத்தில் குற்றவுணர்ச்சி பாதி போய்விடும். மீதியை, வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம் பேசிப் போக்கிக்கொள்வார். "ஐம்பது வருஷம் உழைக்கும். ஐம்பது வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தா ஒரு நாளைக்கு ஒரு காபி செலவுகூட இல்ல, தெரியுமா?" என்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். வேறு என்ன சொல்ல முடியும், வாய் நிறையப் பஞ்சு. டாக்டர் அதை ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு கூத்தும் உண்டு. முக்குளிக்கிறவர்கள் தடித்த ரப்பர் உடைக்கு மேல் கட்டிக்கொள்ள வசதியாக, அந்த வாட்சின் கொக்கிக்குள் ஒரு நீட்டிப்பு மடங்கிக் கிடக்கும். இழுத்தால் பட்டை பெரிதாகும். நம் டாக்டர் அதை இழுத்துவிட்டு, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே வாட்சைக் கட்டிக்கொள்வார். சட்டைக்கு அடியில் மறைந்துபோகவா கார் விலை கொடுத்தார்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்திருந்தான். அவன் கண்ணில் படட்டும் என்று டாக்டர் அப்படித்தான் கட்டிக்கொண்டு நின்றார். கீழேயிருந்து குடியிருப்பின் செக்ரெட்டரி கூப்பிட்டார். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. டாக்டரும் மனைவியும் மச்சானும் இறங்கிப் போனார்கள். தரைக்கு அடியில் இருக்கும் பெரிய தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளம்பர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவர் டாக்டர். கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்றார் செக்ரெட்டரி.

பல்லுக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க டாக்டருக்குத் தோன்றவில்லை. படித்தவர் என்று சொல்லிவிட்டார்களே! குனிந்து, இடது கையை நீட்டி, "அதோ அந்தக் குழாயோட வாய்தான்..." என்று தொடங்கினார். தளர்ந்திருந்த பட்டை சட்டைக் கையில் வழுக்கி, விரல்களைத் தாண்டி, 'ப்ளக்' என்று உள்ளே போனது.

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணிய இறைங்க! உடனே எல்லாத்தையும் இறைச்சு வெளிய ஊத்துங்க!"

"இப்பத்தான் லாரி வந்து ரொப்பிட்டுப் போச்சு" என்றார் செக்ரெட்டரி. "செருப்பு விலை வாட்சுக்கு முப்பது வீட்டுத் தண்ணிய கொட்டச் சொல்றீங்களா?"

செருப்பு விலை என்பது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்த செய்தி. மனைவிதான் பெருமையாகச் சொல்லியிருந்தாள், தன் கணவர் சிக்கனக்காரர் என்று.

"அடுத்த தடவ தொட்டி கழுவுறப்ப எடுத்துக்கலாம் மாமா" என்றான் மச்சான். "தண்ணி தாங்கும்னு நீங்கதான காலையிலேருந்து சொல்லிட்டிருக்கீங்க?"

டாக்டர் சொன்னது உண்மைதான். இறைத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால் 'ஏன்' என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' நேராக நாற்காலியில் போய் நிற்கும். நிதானமாக இருப்பதுபோல் நடித்தார். பிளம்பர் கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டி இறக்கினார். மேலே வந்தது ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு டப்பா மூடி. வாட்ச் வரவில்லை. காந்தம் ஒட்டாத எஃகு என்று அதற்கும் சேர்த்துத்தான் டாக்டர் காசு கொடுத்திருந்தார்.

"சரி விடுங்க, போனா போகுது" என்றாள் மனைவி. "அந்தக் காசுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குள் ஏதோ அறுந்தது. சட்டையைக் கழற்றினார். "நாங்க குடிக்கிற தண்ணிங்க அது!" என்று செக்ரெட்டரி அலறுவதற்குள் இரும்பு ஏணியில் கால் வைத்துவிட்டார். பிளம்பர் ஓடிவந்து அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். டாக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழுகினார்.

கீழே ஒரே இருட்டு. காதில் 'ஙொய்' என்ற சத்தம். செத்தோம் என்றே நினைத்தார். செத்தால் நாற்காலி விஷயம் எப்படியும் வெளியே வரும் என்ற நினைப்பு அதைவிடப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தார். தொட்டியின் மூலையில், பச்சையாக, வட்டமாக, பன்னிரண்டு புள்ளிகளும் மினுங்கிக்கொண்டிருந்தன. இருட்டில் தெரிவதற்கென்றே பூசிய பூச்சு. வாங்கிய நாளிலிருந்து போர்வைக்குள் மட்டுமே பார்த்து ரசித்த வெளிச்சம். டாக்டருக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுதால் தெரியாது என்பதால் தாராளமாக அழுதார். கொடுத்த காசு தப்பில்லை, ஒரு பைசாகூடத் தப்பில்லை என்று அந்த நொடியில் மனதார நம்பினார். பாய்ந்து அள்ளிக்கொண்டார். பிளம்பர் இழுத்தார்.

இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தவரின் கையிலிருந்து மச்சான் வாட்சைப் பிடுங்கிப் பார்த்தான். தன் போனோடு வைத்து ஒப்பிட்டான். நொடி முள்கூடப் பிசகவில்லை.

"செருப்பு விலைக்கு இப்பிடி ஒரு வாட்சா!" என்று வாயைப் பிளந்தார் செக்ரெட்டரி. "எனக்கு ரெண்டு வேணும் டாக்டர். மருமகனுக்கும் சேர்த்து."

"எனக்கும் ஒண்ணு சொல்லிடுங்க சார்" என்றார் பிளம்பர்.

இத்தனை நாளும் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'கொடுத்த விலைக்குத் தகும்' என்று சொல்லமாட்டார்களா என்று டாக்டர் ஏங்கியிருந்தார். இன்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சொட்டச் சொட்ட நின்று விழித்தார்.

மச்சான் வாட்சைத் தன் கையில் கட்டிப் பார்த்தான். "மாமா, இதையே எனக்குக் குடுத்துடுங்க. நீங்க குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு தர்றேன்."

"குடுத்துடுங்க" என்றாள் மனைவி சந்தோஷமாக. "லாபம்தான? உங்களுக்கு ரெண்டா வாங்கிக்கலாம்." தம்பியின் மணிக்கட்டில் கொக்கியை அவளே அழுத்திப் பூட்டினாள்.

"அது ஒரு கார் விலை!"

குரல் தொட்டிக்குள் போய் எதிரொலித்தது. "டூப்ளிகேட் இல்ல, ஒரிஜினல். ஒரு முழு கார் விலை. கழட்டுடா!"

பிளம்பர்தான் முதலில் சிரித்தார். செக்ரெட்டரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழற்றி வைத்திருந்த மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "விலை ஏத்துறாரு பாருங்க! காருன்னு ஒரேடியா அடிச்சுவிடுறாரு" என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாரையும்விட மனைவிதான் அதிகம் சிரித்தாள். "மணி பாக்குறதுக்கு யாராவது கார் விலை குடுப்பாங்களா? குடுக்க மனசில்லன்னு சொல்லுங்களேன், அதுக்கு ஏன் இப்பிடி அளக்குறீங்க?" என்று கேட்டபடி அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் சிரிக்கவில்லை. குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. தம்பியின் கையிலிருந்து வாட்சைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

"எல்லாரும் போங்க" என்றாள். "இவருக்குத் தலை துவட்டணும்."

இன்னும் சிரித்துக்கொண்டேதான் அவர்கள் போனார்கள். பிளம்பர் கடைசியாக மூடியை இழுத்து மூடினார். படிக்கட்டில் மச்சானின் காலடிச் சத்தம் ஓய்கிறவரை அவள் கொடியில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னமோ ஒரு விலை சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்தத் தடவை சிரிக்க அங்கே யாரும் இல்லை.