தோளில் போட்டுக் காட்டிய சேலை

சத்யபிரியா அந்த ஜவுளிக்கடையில் சேர்ந்து அன்றோடு நான்கு நாள். நாமக்கல் கடைவீதியில் பெரிய கடை. இரண்டாம் மாடியில் சில்க் காட்டன் பிரிவில் நிற்கவிட்டிருந்தார்கள். உட்கார ஸ்டூல் இல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஜெயபிரகாஷுக்குக் கண் உறுத்தும், அவ்வளவுதான். காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக அவர் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாள்ல மூணு பார்ட்டி உன்றகிட்டப் பாத்துட்டு வெறுங்கையோட எறங்கிப் போயிருச்சு. மரமாட்டம் நின்னு காட்டுனா எவ எடுப்பா? தோள்ல போட்டுக் காட்டோணும், என்ன விசேசம்னு சிரிச்சுக் கேக்கோணும். இன்னிக்கும் ஒருத்தரு சும்மா போனாங்கன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவள் அவள். இந்த வேலைக்கு வர வேண்டும் என்று அவளுக்கென்ன தலையெழுத்தா? ரிக் வண்டியில் போர் போடப் போன அவள் புருஷன் கதிர்வேல் மேல் இரும்புக் குழாய் சரிந்து விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இந்த வாரம் காய்ச்சல் வேறு. ராத்திரியெல்லாம் அவன் மூச்சு இழுப்பதைக் கேட்டபடி படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் ராசிபுரத்தில் பஸ் ஏறி வருகிறாள். ஏறி இறங்கிய நான்கு கடைகளில் இது ஒன்றுதான் வரச் சொன்னது. இதுவும் போனால் அவன் மருந்துக்கு எங்கே போவாள்?

பதினோரு மணிக்கு ஒரு பெரியவர் தனியாகப் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். கூட வேலை பார்க்கும் வித்யா டீ குடிக்கக் கீழே போயிருந்தாள். வித்யா மாதிரிப் பழகினவர்களுக்கு ஒரு பார்வை போதும். ஆண்பிள்ளை தனியாக வந்து, விலை கேட்காமல், நின்றபடியே சேலை எடுத்தால் அது எதற்கு என்று தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல், மடிப்பைக் கலைக்காமல் பில்லுக்கு அனுப்பிவிடுவார்கள். பாவம், சத்யபிரியாவுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"வாங்கய்யா. யாருக்குங்க பாக்கறீங்க?"

"என்ற தங்கச்சிக்குச் சாமி. உன்ற ஒசரந்தான் இருப்பா. ஏதோ ஒண்ணு எடுத்துப் போடு."

ஜெயபிரகாஷ் படி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நீலத்தில் ஒன்றை உருவி விரித்துத் தோளில் போட்டு, முந்தியை நீவிவிட்டு, சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

"உங்க தங்கச்சிக்கு எடுப்பா இருக்குமுங்க. ஊட்டுல என்ன விசேசமுங்கய்யா?"

பெரியவர் அவளையே பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"மாப்ள காலைல தவறிட்டாரு சாமி. கோடி எடுக்க வந்தேன்."

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுபோய்ப் போர்த்தும் சேலை. அதைத்தான் அவள் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கட்டிலில் கிடக்கிறவன் முகம் கண்ணுக்குள் வந்தது. கை சேலையை இழுத்துக் கீழே போட்டுவிட்டது.

பெரியவரும் பதறிப்போனார். "ஐயோ, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. முன்னயே சொல்லியிருக்கோணும். உன்ற ஊட்டுக்காரரு நல்லா இருக்காருங்களா சாமி? நீ போட்டதைக் கொண்டுபோயி அவ மேல போத்துனா உனக்கு ஆவாது. உன்ற கையில எதுவும் வேண்டாம், நான் வேற கடை பாத்துக்கறேன். நீ நல்லாருக்கோணும்."

நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் இப்போது அவள் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறது. அவர் திரும்பி நடந்தார். இரண்டு எட்டு வைத்தால் படி. ஜெயபிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஐயா."

அவர் நின்றார்.

"எனக்கு ஊட்டுக்காரரு இல்லீங்க." யாரோ பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு. "போன வருசமே போயிட்டாருங்க. அதனால ஒண்ணுமில்லீங்க, நீங்க பாருங்க."

பெரியவர் திரும்பி வந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவருக்கு உடைந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இந்த வயசுலயா சாமி? உனக்கும் இப்படியா?" என்றார். தாலி சீருடைச் சேலைக்குள் இருந்தது. அது வெளியே தெரிந்துவிடாமல் அவள் முந்தியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த நீலத்தையே கட்டிக் குடு," என்றவர், போகாமல் நின்றார். "உனக்குக் கோடி போட்டது ஆரு சாமி?"

ஜெயபிரகாஷ் வேறு பக்கம் போய்விட்டார்.

"எங்கண்ணனுங்க," என்றாள்.

"என்ன நெறம்?"

"இதே நீலந்தானுங்க."

அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் பில் போடும் இடத்துக்குப் போனார். சத்யபிரியா குனிந்து சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். எப்படி மடித்தாலும் முந்தி உள்ளே அடங்காமல் வெளியே வந்துகொண்டே இருந்தது.