முரடனுக்குப் போட்ட பந்தி

நான் முரடன் என்று முந்தாநாளே முடிவாகிவிட்டது. விசாரணை மட்டும்தான் பாக்கி. எங்கள் ஊரில் அதைக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்துவார்கள். முரடன் இல்லை என்று தெரிந்தால் மகளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

மகள் பூரணி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. அவளுக்கும் இலை போட்டிருந்தார்கள். கையை நீட்டினால் அவள் பின்னலைத் தொடலாம்.

விசாரிப்பவர் ஏகாம்பரம். சாம்பார் வாளியோடு வந்தார்.

"கடைசியா எப்ப கை ஓங்கினீங்க?"

"நான் கை ஓங்குறதே இல்லீங்க."

"ஓங்கணும்னு தோணி அடக்கிக்கிட்டது எப்ப?"

யோசித்தேன். அதுதான் தப்பு. பஸ்ஸில் ஒருவன் என் காலை மிதித்தது நினைவுக்கு வந்தது, சொன்னேன்.

"பாத்தீங்களா" என்று சாம்பார் ஊற்றினார். மேசை ஒரு முழம் அகலமானது. பூரணி நாற்காலியோடு பின்னால் போனாள். பந்தியில் யாரும் நிமிரவில்லை.

"நல்லபடியா நடந்துக்கிட்டது எப்பன்னும் கேளுங்களேன்."

"அந்தக் கேள்வியெல்லாம் மாடிப் பந்திக்கு. சாதுன்னு முடிவானவங்க அங்க சாப்பிடுறாங்க. அவங்களுக்குப் பாயசமும் உண்டு."

மாடியில் இருந்தவன் எங்கள் தெரு கதிரேசன். சொந்த அண்ணன் மண்டையை உடைத்தவன். நாய்க்குட்டிக்கு என்றைக்காவது பால் வைத்ததுண்டா என்று அவனைக் கேட்டார்களாம். வைத்திருக்கிறான்.

ரசம் வந்தது. மெதுவாகப் பேசினேன். குரலை அடக்குகிறார் என்றார் ஏகாம்பரம். சிரித்துப் பார்த்தேன். பல்லைக் கடிக்கிறார் என்றார். சாப்பிடாமல் இருந்தேன். சோற்றின் மேல் கோபம் என்றார். ஒவ்வொரு தடவையும் மேசை அகலமாகி, இப்போது பூரணியின் மஞ்சள் கவுன் மட்டும்தான் தெரிந்தது. அவளை விட்டுவிட்டுப் போக நேருமோ என்று பயந்துபோனேன்.

ஏகாம்பரம் அவளிடம் நடந்து போனார். வெகுநேரம் நடந்தார். ஆனாலும் அவர்கள் பேசியது என் காதருகே கேட்டது.

"பாப்பா, அப்பா எப்பல்லாம் அடிக்க மாட்டாரு?"

"என்னைத் தூக்கி வச்சிருக்கும்போது."

"கை காலியா இருந்தா?"

பூரணி யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்காதே கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மிரட்டுகிறார் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு, வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா கையை ஒளிக்கிறாரு" என்றாள் பூரணி.

"பாத்தீங்களா" என்று ஏகாம்பரம் அவள் இலையில் பாயசம் ஊற்றினார்.