பைக்கும் சேர்த்து மருந்து

அறையில் இருந்தவர்கள்: வலிப்பு வந்து அடங்கிய பிள்ளை, அதன் அம்மா, அப்பா, பெரிய சிஸ்டர், தற்காலிக நர்ஸ் ஒருத்தி. கேள்வி கேட்டே உயிரை எடுப்பதால் வார்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். டாக்டர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வலிப்பு திரும்ப வராமலிருக்க நரம்பில் ஏற்றும் மருந்து. கிலோவுக்கு இருபது மில்லிகிராம். பிள்ளை பதின்மூன்று கிலோ. ஆக இருநூற்று அறுபது. ஒரு மில்லியில் ஐம்பது இருக்கிறது. ஆக ஐந்தே கால் மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய சிஸ்டர் கணக்குப் போட்டு மருந்தை உறிஞ்சி வைத்திருந்தார். இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே ஊசி நகரும். வக்கீலம்மா பெருக்கினாள், வகுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

கட்டிலை அடைத்துக் கிடந்த அம்மாவின் பையை ஒரு கையால் நகர்த்தப் போனவளுக்குத் தோள் இறங்கியது. தண்ணீர் பாட்டில், பால் டப்பா, துணிமணி என்று செங்கல் கனம்.

அழுகிற பிள்ளை தனியாக எடை மிஷினில் நிற்காது. அம்மா பிள்ளையோடு ஏறுவாள், பிறகு தனியாக ஏறுவாள், கழித்துக்கொள்வார்கள்.

"அக்கா, எடை பாக்கும்போது இந்தப் பை எங்க இருந்துச்சு?"

"மொதல்ல என் தோள்ல. அப்புறம் பிள்ளையோட சேத்து இவர்கிட்ட குடுத்துட்டேன். இறக்கி வைக்கணும்னு யாரும் சொல்லலையே."

வக்கீலம்மா பேனாவை மூடினாள். எடை பார்த்தது பெரிய சிஸ்டர். அவர் முகம் கடுகடுத்தது.

"கணக்கு சரியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"கணக்கு சரிதான் சிஸ்டர். ஆனா பைக்கும் சேத்து மருந்து போட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அளவு கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும் மருந்து அது. இருவருக்கும் தெரியும். பிள்ளைக்குத் திரும்ப வலிப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று பெரிய சிஸ்டர் கேட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

"சரி, வரல. இப்ப எடை பாப்போம்."

மிஷினைக் காலாலேயே தள்ளி வந்தாள். அம்மா பிள்ளையோடு ஏறினாள், தனியாக ஏறினாள். பிள்ளை பத்து கிலோ. யாரும் சொல்லாமலே அப்பா பையைத் தூக்கி மிஷினில் வைத்தார். மூன்று. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார்.

வக்கீலம்மா டாக்டரை இழுத்துவராத குறையாகக் கூட்டிவந்து அளவை மாற்றி எழுத வைத்தாள். இருநூறு மில்லிகிராம், நான்கு மில்லி. பெரிய சிஸ்டர் மிச்சத்தை ஊசியிலிருந்து தட்டில் பீய்ச்சினார். வக்கீலம்மா கையெழுத்துப் போட்டாள்.

மருந்து ஏற ஆரம்பித்ததும் பெரிய சிஸ்டர் கையை நீட்டி, வக்கீலம்மாவிடம் இருந்த மருந்து அலமாரிச் சாவியைக் கேட்டார்.

"முழுசா இறங்கட்டும். அப்புறம் தரேன்."

பிள்ளையின் நாடியில் விரல் வைத்தபடி கடைசிச் சொட்டு வரை நின்றாள். துடிப்பு சீராக இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.

வார்டின் கதவைப் பெரிய சிஸ்டர் அவள் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தினார். தாழும் விழுந்தது.