ரெங்காஸ் பால்

இருளப்பனைச் சயாமுக்கு அனுப்புவதென்று முடிவானதற்குக் காரணம், கப்பல் நின்றுபோனதுதான். வெள்ளைக்காரத் துரை இருந்த நாளில் இருளப்பன் அடித்த பெட்டிகளில்தான் தோட்டத்துத் தேயிலை கடல் தாண்டியது. ஜப்பான்காரன் வந்த பிறகு கடல் தாண்ட ஒன்றுமில்லை. சரிவில் பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டாயிற்று. மரவள்ளிக்குப் பெட்டி எதற்கு? பெட்டி இல்லையென்றால் தச்சன் எதற்கு?

கங்காணி நாகரத்தினம் பட்டறைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"வெள்ளிக்கிழம காலையில லோரி வருது இருளப்பா. லயத்துக்கு ஒரு ஆளு. ஒங்க லயத்துல நீதான்."

"எதுக்குங்க?"

"ரயில் ரோடு போடத்தான். மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவானாம் லா."

"போன தடவ போனவங்க?"

நாகரத்தினம் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். போன தடவை போனவர்களில் ஒருவர்கூட மலையேறி வரவில்லை.

சேதி கேட்டதும் அவன் மனைவி தங்கம்மா அழவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "சொறி செரங்கு இருக்குறவன லோரியிலேயே ஏத்தமாட்டேங்குறானாம். வியாதின்னா அவனுக்கு அவ்வளவு பயமாம்" என்றாள்.

அதே லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்தான் அவள் தம்பி செல்லையா. தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன், மூன்று வேளையும் சாப்பாடு அக்காள் வீட்டில். வாயில் கிழங்கை வைத்துக்கொண்டே கேட்டான்:

"மச்சானுக்கு இப்ப எங்க போயி செரங்கு வாங்குறது? ரிங்லெட் கடையில ரேஷன்ல போடுறானா?"

இருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சில்தான் ரெங்காஸ் மரம் நினைவுக்கு வந்தது.

ரிங்லெட் ஊருக்குக் கீழே, தாப்பா ரோடு இறங்கும் காட்டில் அது நின்றது. அறுத்தால் ரத்தச் சிவப்பு. அதில் கறுப்பு வரிகள் ஓடும். துரை பங்களாவின் சாப்பாட்டு மேசை அந்தப் பலகைதான். ஆனால் பச்சை மரத்தின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். ஊர்ச் சேங்கொட்டையெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். அதனால்தான் தச்சர்கள் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டு, மரம் நின்றபடியே சாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அறுத்த பலகையைப் பரணில் அடுக்கி, பால் முழுக்க வற்றிய பிறகே இழைப்புளி வைப்பார்கள். அப்போதும் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள்.

இருளப்பனும் செல்லையாவும் மரத்திடம் போனார்கள். இருளப்பன் பட்டையில் வாய்ச்சியால் கொத்தி, வழிந்ததை மூங்கில் குழாயில் பிடித்தான். செல்லையா பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"நீங்க புடிங்க மச்சான். நான் இங்கயிருந்தே ஒங்களுக்காகச் சொறிஞ்சுக்கிறேன்."

வீட்டுக்கு வந்து கையிலும் கழுத்திலும் மார்பிலும் இருளப்பனே தடவிக்கொண்டான். முதுகு எட்டவில்லை. கையில் பூசிக்கொள்ளத் தேங்காய் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ மாதமாயிற்று. தங்கம்மா சாக்குத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தடவிவிட்டாள். பால் காற்றுப் பட்டு மைபோலக் கறுத்தது.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கறுப்புக் கறை மட்டும் ஒட்டியிருந்தது. அடியில் தோல் தோலாகவே இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தான். வெயிலில் போய் நின்று பார்த்தான். பிறகுதான் விளங்கியது: இத்தனை வருடம் ரெங்காஸ் தூளிலேயே புரண்ட உடம்பு அதற்குப் பழகிவிட்டது.

"செருப்புத் தோலு மச்சான் ஒங்களுக்கு" என்றான் செல்லையா. இந்தத் தடவை அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தங்கம்மாவின் முகத்தில் கண்கள் இருந்த இடம் தெரியவில்லை. உதடு தடித்து, கன்னமெங்கும் நீர்க்கொப்புளம். வேலை மும்முரத்தில் அந்தச் சாக்காலேயே நெற்றியைத் துடைத்திருக்கிறாள். இருளப்பன் அவளை உட்காரவைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு புறப்பட்டான். வேறு வழி தெரியவில்லை.

காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் லோரி நின்றது. இருளப்பன் ஏறுபலகையில் ஒரு காலை வைத்திருந்தான். அப்போதுதான் அவள் வந்தாள். தொடப் பயந்த அடுத்த வீட்டுக்காரி பின்னாலிருந்து, "நேரா போ, இன்னும் நேரா" என்று கத்த, கையை நீட்டிக்கொண்டு வந்து அவன் சட்டையைப் பற்றினாள். முக்காட்டைத் தானே இழுத்துத் தள்ளினாள்.

ஜப்பான் சிப்பாய் துள்ளிப் பின்வாங்கினான். துப்பாக்கி முனையாலேயே இருவரையும் விலகச் சொல்லி அலறினான்.

நாகரத்தினத்தின் பார்வை இருளப்பனின் காலருக்கு மேல் தெரிந்த கறுப்புக் கறையில் விழுந்தது. ரெங்காஸை அறியாதவரல்ல அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாக்கிட், துவான். ரொம்ப சாக்கிட்" என்று அவனை வியாதிக்காரனாக்கினார்.

சிப்பாய் ஒரு விரலை உயர்த்திக் காட்டினான். ஆள் குறையக் கூடாது. கங்காணி அந்த லயத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கிழவர்களும் பெண்களும் போக, அதில் எஞ்சியவன் செல்லையா.

இருளப்பன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இது மரப்பால், வியாதியில்லை என்று சொன்னால் போதும். அவன் கை காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டது. செல்லையா அவனைப் பார்த்தான். அதே வார்த்தையை அவனும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கங்காணியிடம் நீட்டினான்.

"பதமா வெச்சிருக்கேன். மொக்கையாக்குறவன் கையில குடுத்துடாதீங்க."

ஏறினான். அக்காளைக் கூப்பிடவில்லை.

லோரி கரிப்புகையைக் கக்கிக்கொண்டு இறக்கத்தில் மறையும்வரை தங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டானுங்களா?"

"ம்."

"ஒங்கள விட்டுட்டானுங்க, பாத்தீங்களா!" தடித்த உதட்டோடு சிரித்தாள். "செல்லையாவக் கூப்புடுங்க. என் மூஞ்சியப் பாத்தா ஒரு வாரம் வெச்சு ஓட்டுவான்."

களத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைந்தார்கள். இருளப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்து லயத்துப் பக்கம் திருப்பினான்.

"கவ்வாத்துக்குப் போயிட்டான்" என்றான்.

"எந்த மலைக்கு?" என்று கேட்டாள் தங்கம்மா.