லவீன் எனப்பட்ட ரிவார்

அனோஜினியின் கணவன் ஆலன் லவீன் கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன். அவனுடைய தாத்தா ஆல்பேர், கனடாவின் கியூபெக்கிலிருந்து இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்த சிப்பாய். ஒரு லண்டன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கனேடியக் குடியுரிமை கேட்டுப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து ஆலனுக்கு அதே வேலை. ஆறு வாரம் இணையத்தில் தேடியும் தாத்தா பிறந்த ஊர்க் கோவில் புத்தகங்களில் லவீன் என்ற பெயரின் கீழ் ஒருவருமில்லை.

கடைசியில் அனோஜினி ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு தன் அக்கா எமில்டாவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். எமில்டா பாரிஸில் பதினைந்து வருஷம் இருந்தவள், பிரெஞ்சு வாசிப்பாள். தாத்தாவின் தாய் தகப்பன் பெயர்களை வைத்துத் தேடியதில் அரை மணித்தியாலத்தில் குடும்பம் அகப்பட்டது. ஆனால் தகப்பனின் பெயர் ரிவார் டி லவீன் என்றிருந்தது.

“டி எண்டால் ‘எண்டு சொல்லப்படுற’ எண்டு அர்த்தம்,” என்றாள் எமில்டா. “எங்கட மரண அறிவித்தலில யேசுதாசன் என்கிற ராசன் எண்டு போடுவினமே, அதுபோல.”

“அப்ப எது உண்மையான பேர்?” என்று கேட்டாள் அனோஜினி.

“ரெண்டும்தான்.”

அனோஜினி ஒரு தாளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். ஆண்கள் ஐவரும் ஜோசப், பெண்கள் நால்வரும் மரி என்று கண்டதும் பேனையை வைத்துவிட்டாள். அவை கோவிலுக்கான பெயர்கள், கடைசியில் வருவதுதான் வீட்டில் கூப்பிடுவது என்று எமில்டா விளக்கினாள். அப்படிப் பார்த்தால் ஆல்பேர் இருந்தார்: 1919 மார்ச் 4. தாத்தாவின் கல்லறையில் பொறித்த அதே திகதி. ஆலன் சந்தோஷத்தில் தேத்தண்ணி போடப் போனான்.

அவன் திரும்பியபோது எமில்டா திரையைக் காட்டினாள். அடுத்த வருஷப் பக்கத்தில் ஓர் அடக்கப் பதிவு: ஜோசப் ஆல்பேர், பதினேழு மாதக் குழந்தை, அதே தாய் தகப்பன்.

தாத்தா ஒரு செத்த பிள்ளையின் பெயரைத் திருடிக்கொண்டு வந்தவரா என்று ஆலன் கேட்டான். அனோஜினிக்கு வேறு யோசனை ஓடியது. அப்படியென்றால் தன் பிள்ளைகள் யாருடைய பெயரைச் சுமக்கிறார்கள்?

எமில்டா இன்னும் சில பக்கங்கள் தள்ளினாள். 1921 நவம்பரில் மறுபடி ஒரு ஜோசப் ஆல்பேர்.

“செத்த பிள்ளையின்ர பேரை அடுத்ததுக்கு வைச்சிருக்கினம். அவர்தான் உங்கட தாத்தா.”

“கல்லறையில முதலாவது பிள்ளையின்ர திகதியெல்லோ கிடக்குது, அக்கா.”

எமில்டா ஊகித்துத்தான் சொன்னாள். பட்டாளத்தில் சேரப் பத்திரம் கேட்டபோது பாதிரியார் முதல் பதிவை அனுப்பியிருக்கலாம். வயதைக் கூட்டிக் காட்டத் தாத்தாவே அதை எடுத்திருக்கவும் கூடும்.

பின்னேரம் ஆலனின் தகப்பன் ரேமண்டிடம் போய்ச் சொன்னார்கள். வருஷாவருஷம் மார்ச் நாலாம் திகதி தன் தகப்பனின் கல்லறையில் பூ வைத்து வந்தவர் அவர். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். குழந்தை என்ன வந்து செத்தது என்று மட்டும் விசாரித்தார். அது புத்தகத்தில் இல்லை.

விண்ணப்பத்தில் நவம்பர் திகதியை எழுதி, ஒரு விளக்கக் கடிதமும் வைத்து அனுப்பினார்கள். மார்ச் பிறந்ததும் ரேமண்ட் போன் எடுத்து, இந்த முறை பூ வாங்குவதா வேண்டாமா என்று கேட்டார். வாங்குங்கோ மாமா என்று அனோஜினி சட்டென்று சொல்லிவிட்டாள். பூ தாத்தாவுக்கா அந்தக் குழந்தைக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.